முடி முரடானது வயதாலா, சாயத்தாலா?

"முடி தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு முடி முன்பைவிட மெலிந்துதான் இருக்கும். வளையாமல் விறைத்து நிற்பது வேறு, விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிவது வேறு.

விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன். விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பெண்களுக்கு 40 வயதைத் தாண்டியபின் தடிமன் பொதுவாகக் குறையவே தொடங்கும். ஆனால் தலையில் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. நரைமுடி சிலருக்குக் கோணலாக வளர்ந்து, மற்ற முடியோடு படியாமல் துருத்துகிறது. அதனால் மெலிந்த முடியும் முரடாகத் தெரிகிறது.

சாயம் செய்வது வேறு வேலை. முடியின் மேல்செதில்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தை, அம்மோனியாவும் பெராக்ஸைடும் கலந்த சாயமும் ப்ளீச்சும் உரித்துவிடும். போன படலம் அந்த நீளத்தில் திரும்ப வராது. அளவு மீறி ப்ளீச் செய்த முடி ஈரத்தில் ரப்பர் போல இழுபடும், காய்ந்தால் நாராகும்.

எது காரணம் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும். சாயம் போட்டு மூன்று மாதமானால், வேரோரம் 3 செ.மீ. புதுமுடி இருக்கும். ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெல்ல உருவுங்கள். வேரோரம் வழுக்கிக்கொண்டு போய், சாயம் பட்ட இடத்தில் தடுத்தால் காரணம் சாயம்தான். புதுமுடியே சொரசொரத்தால் வயதாக இருக்கலாம். கூடவே சோர்வு, எடை ஏறுவது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டுக்கு டிஎஸ்எச் (TSH) ரத்தப் பரிசோதனை அவசியம்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒவ்வொரு முறையும் வேர் முதல் நுனிவரை சாயம் பூசுவது. நுனிமுடி அதே ரசாயனத்தைப் பத்துப் பதினைந்து தடவை தாங்குகிறது. புதிதாக வளர்ந்த நரைக்கு மட்டும் பூசுங்கள். நரையை மறைக்க 6 சதவீத பெராக்ஸைடு போதும். 9, 12 சதவீதம் எல்லாம் நிறத்தை வெளுக்க வைப்பதற்கு.

முரடு போக வேண்டுமென்று உடனே ஸ்மூத்தனிங் (ரசாயனம் பூசி, சூடான அயர்னால் முடியைப் படியவைப்பது) செய்யாதீர்கள். அதில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். சூடான அயர்ன் ஏற்கெனவே தேய்ந்த முடியை இன்னும் நொறுக்கும்.

தலைக்குக் குளிக்குமுன் நீளமுடிக்குத் தேங்காய் எண்ணெய், ஷாம்புக்குப் பின் கண்டிஷனர் போதும். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து சேதமான முடியில்தான் அதிகம் ஒட்டும். அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து அகற்றும் இடிடிஏ (EDTA) உள்ள ஷாம்புவை 2 வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். இவையெல்லாம் மேல்பூச்சுதான். 30 செ.மீ. முடி முழுக்கப் புதிதாக வர இரண்டரை ஆண்டாகும்; அதுவரை நுனியை அவ்வப்போது வெட்டிக்கொண்டே வாருங்கள்.