வயல் வடித்த உப்பு எங்கே போகும்?

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. அதன் பக்கத்தில் தொங்கும் மெல்லிய குழாய் எந்நேரமும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வடிந்துகொண்டிருக்கும். ஒருநாள் கை சும்மா இருக்காமல் டி.டி.எஸ். மீட்டரை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) மூன்று இடத்திலும் முக்கிப் பார்த்தேன். போர் தண்ணீர் 900. குடிக்கிற தண்ணீர் 70. வாளித் தண்ணீர் 1,300. உப்பு எங்கும் மறையவில்லை, வாளிக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த வாளித் தண்ணீரில் அம்மா வாசல் கழுவிவிடுவார். வாளி ஓர் ஆற்றளவு பெரிதாக இருந்தால் எதைக் கழுவுவது? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய யூமா என்ற ஊரில் இந்தக் கேள்வியோடு ஐம்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விவசாயத்தில் கழிவுநீர் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பயிர் தண்ணீரைத்தான் உறிஞ்சும். அதில் கரைந்திருக்கும் உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். யூமா பக்கம் வந்து சேரும்போது கொலராடோ ஆற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 0.8 கிராம் உப்பு இருக்கும். வாயில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்குப் பாய்ச்சினால் 12 லட்சத்துச் சொச்சம் லிட்டர், அதில் ஏறத்தாழ ஒரு டன் உப்பு. பாலைவன வெயிலில் ஒரு போகத்துக்கு ஓரடித் தண்ணீர் எந்த மூலைக்கு? நிலம் உப்புப் பூக்காமல் இருக்க வேண்டுமென்றால், கூடுதலாகத் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். தள்ளினால் நிலத்தடி நீர்மட்டம் ஏறிவந்து வேரைத் தொடும். அப்புறம் அதை பம்ப் வைத்து வெளியே இறைத்தாக வேண்டும். இறைத்த அந்த உவர்நீர்தான் விவசாய வடிகால் நீர்.

யூமாவுக்குக் கிழக்கே உள்ள வெல்ட்டன்–மொஹாக் பாசனப் பகுதி 1961-இல் இப்படி இறைக்க ஆரம்பித்தது. மண்ணுக்கடியில் பல காலமாகச் சேர்ந்திருந்த நீர் அது. லிட்டருக்கு 6 கிராம் அளவுக்கு உப்பு. அது கிலா ஆறு வழியாகக் கொலராடோவில் கலந்து, எல்லை தாண்டி, மெக்சிகாலி பள்ளத்தாக்கின் பருத்தி வயல்களில் போய்ப் பாய்ந்தது. அங்கே பயிர் கருகியது, விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், விஷயம் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான தகராறாக முற்றியது. எல்லையில் தரும் நீரின் உப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டாது என்று 1973 ஆகஸ்டில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டது. மறு வருடமே, வடிகால் நீரைச் சுத்தம் செய்ய ஒரு மாபெரும் ஆர்.ஓ. ஆலை கட்டச் சட்டம் வந்தது.

அந்த ஆலையின் உயிர்நாடி, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு. அதுவும் அமெரிக்காவின் அந்த மேற்குப் பக்கத்தில் பிறந்ததுதான். செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலம் உப்பைத் தடுக்கும் என்பது 1950-களிலேயே தெரியும். ஆனால் தண்ணீர் அதில் கசிந்து வருவதற்குள் விடிந்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், இந்தியாவிலிருந்து போன ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். படலத்தை ஒரு பக்கமாக வைத்தால் உப்பு நிற்கிறது, திருப்பி வைத்தால் நிற்பதில்லை! இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் பால் ஆடை போல மெல்லிய இறுக்கமான தோல், மற்ற பக்கம் ஸ்பாஞ்ச் போன்ற தாங்கி. உப்பைத் தடுப்பது தோல் மட்டும்தான். சரி, அந்தத் தோலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெல்லிசாக்கினால்? தண்ணீர் பல மடங்கு வேகமாக வரும். இப்படி ஒரு சவ்வை அவர்களே 1960-ஐ ஒட்டிச் செய்துகாட்டினார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில், உவர்ப்பான கிணற்று நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை ஓடியது.

சவ்வைச் சல்லடை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். இரு பக்கமும் சும்மா விட்டால், நல்ல தண்ணீர்தான் உப்புத் தண்ணீரைத் தேடிப் போகும். ஊறப்போட்ட உலர்திராட்சை உப்புவதும் அப்படித்தான். இந்தப் போக்கைத் தடுத்து நிறுத்தவே உப்புப் பக்கம் ஓர் அழுத்தம் கொடுக்க வேண்டும், அதைத் தாண்டி அழுத்தினால்தான் நீர் எதிர்த்திசையில் வரும். கடல்நீருக்கு நிறுத்தவே 27 பார் தேவை (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள வடிகால் நீருக்கு இரண்டு பாருக்குச் சற்று மேலே, கார் டயரில் இருக்கும் காற்றளவு. நடைமுறையில் வேகத்துக்காக 10 முதல் 25 பார் வரை கொடுப்பார்கள். அப்படியானால் வடிகால் நீரைச் சுத்தப்படுத்துவது கடல்நீரைவிடச் சுலபம்தானே என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது.

சிக்கல் அழுத்தத்தில் இல்லை, கரைந்திருக்கும் சரக்கில் இருக்கிறது. கடலில் பெரும்பாலும் சாதாரண உப்பு. வயல் நீரிலோ மண்ணைக் கரைத்து எடுத்துவந்த கால்சியம், சல்பேட், சிலிக்கா, போதாக்குறைக்கு வண்டல், பாசி. நூறு லிட்டர் உள்ளே விட்டு எழுபது லிட்டர் நல்ல நீரை எடுத்தால், அத்தனை உப்பும் மிச்ச முப்பது லிட்டருக்குள் நெருக்கும். 3 கிராம் 10 கிராமாகிவிடும். கால்சியமும் சல்பேட்டும் அவ்வளவு நெருங்கினால் கரைசலில் நிற்காது, ஜிப்சமாகச் சவ்வின் மேலேயே படியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தைச் சுரண்டலாம், முடியைவிட மெல்லிய தோலை என்ன செய்வது? அதிலும் சவ்வை ஒட்டியுள்ள நீரில், நடுவில் ஓடும் நீரைவிட உப்பு அதிகம். தண்ணீரைச் சவ்வு இழுத்துக்கொள்ள, உப்பு வாசலிலேயே தேங்கி நிற்கிறது. அதனால் மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும்போதே படிவு தொடங்கியிருக்கும்.

இதனால்தான் யூமா ஆலையின் பெரும்பகுதி சவ்வுக்கு முன்னாடி நடக்கும் வேலைக்கே போனது. வண்டலைத் தங்கவிடும் குளங்கள், சுண்ணாம்பு போட்டுக் கால்சியத்தை முன்கூட்டியே இறக்கும் தொட்டிகள், மணல் வடிகட்டிகள், கிருமிக்கு குளோரின், பிறகு அமிலம். இவ்வளவுக்கும் பிறகே பாயைச் சுருட்டியது போலச் சவ்வைச் சுருட்டி அடைத்த குழாய்கள். நாளொன்றுக்கு 27 கோடி லிட்டர் நல்ல நீர் தரும்படி அமைத்தார்கள். நம் நெம்மேலியின் முதல் கடல்நீர் ஆலையோ 10 கோடி லிட்டர்.

ஆலை 1992-இல் தயாரானது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடத் தொடங்கி, 1993 ஜனவரியில் கிலா ஆற்று வெள்ளம் வடிகால் கால்வாயை உடைக்க, நின்றுபோனது. பிறகு 2007-இல் மூன்று மாதமும், 2010 மே முதல் 2011 மார்ச் வரையும் சோதனை ஓட்டம். பெரிய அளவில் ஓடியது அவ்வளவே. ஓட்டும் செலவு ஒரு காரணம். இன்னொரு காரணம் எல்லைக்கு அந்தப் பக்கம் முளைத்திருந்தது.

ஆலை வரும்வரை வடிகால் நீரைக் கொலராடோவில் விடாமல், தனிக் கால்வாய் வெட்டி மெக்சிகோவின் சொனோரா பாலைவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1977 முதல் வருடத்துக்குச் சுமார் 13 கோடி கன மீட்டர் உவர்நீர், யாருக்கும் வேண்டாத நீர், அங்கே போய்த் தேங்கியது. அதில் சம்பங்கோரை அடர்ந்தது, பறவைகள் வந்தன, அழிவின் விளிம்பில் இருந்த யூமா கானாங்கோழி குடும்பம் பெருக்கியது. சியெனகா தெ சாந்தா கிளாரா என்ற அந்தச் சதுப்பு நிலம் இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆலையை முழு வேகத்தில் ஓட்டினால் அங்கே போகும் நீர் பெருமளவு சுருங்கும், மிச்சமாகப் போவது மும்மடங்கு உப்பாக இருக்கும். கோரை அதைத் தாங்காது.

2010-இல் ஆலையை ஓட்டுவதற்கு முன் அதனால்தான் ஒரு பேரம் நடந்தது. ஆலை எடுத்துக்கொள்ளும் நீருக்கு ஈடாக அமெரிக்கா, மெக்சிகோ, சூழல் அமைப்புகள் ஆளுக்கு 10,000 ஏக்கர்-அடி நீரை (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) சதுப்புக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கூட்டிப் பார்த்தால் 30,000. அந்தச் சோதனை ஓட்டத்தில் ஆலை மீட்டுத் தந்த நீரும் ஏறத்தாழ அதே 30,000 ஏக்கர்-அடி.