விக் எத்தனை நாள் உழைக்கும்?

செருப்பு வாங்கினாலும் சேலை வாங்கினாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் உழைக்கும்?" என்பதுதான். புழுவெட்டால் தலைமுடியை முழுவதும் இழந்து, பெரிய தொகை கொடுத்து அசல் முடியில் செய்த விக் வாங்குபவருக்கும் அதே கேள்விதான். "நல்லா வெச்சுக்கிட்டா ரொம்ப நாள் வரும்மா" என்று கடையில் சொல்லிவிடுவார்கள். தினமும் காலை முதல் இரவு வரை அணிபவர்களின் கணக்கு அவ்வளவு தாராளமானது இல்லை. ஏறத்தாழ ஒரு வருடம். பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில மாதங்கள் கூடும், இல்லையென்றால் ஆறு மாதத்திலேயே சிக்குப் பிடித்துவிடும்.

யோசித்தால் இது விசித்திரம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்தின் தீப்ஸ் நகரத்திலிருந்து கிடைத்த ஒரு விக் இருக்கிறது. மேலே சுருள்கள், கீழே மெல்லிய பின்னல்கள், எல்லாம் மனித முடி. வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல். தேன்மெழுகும் பிசினும் பூசி வைத்த அந்த முடி இன்றும் முடியாகவே இருக்கிறது. அப்படியென்றால் நம் விக் மட்டும் ஏன் ஒரு வருடத்தில் போகிறது? கல்லறைக்குள் அதை யாரும் சீவவில்லை, அதுதான் விஷயம்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். நகமும் மாட்டுக் கொம்பும் அதே குடும்பம். புரத இழைகளைக் கந்தகப் பாலங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப்போட்டிருப்பதால் முடி எளிதில் மக்காது. தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிர் கிடையாது. விக்கில் இருக்கும் முடியும் உயிரற்றது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் ஆடும் முடியும் உயிரற்றதே. வித்தியாசம் தலைக்குள்ளே இருக்கிறது. ஆரோக்கியமான தலை ஒரு தொழிற்சாலை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்ந்தாலும் ஈடு கட்டிவிடும். மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் புதிய முடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கூடவே எண்ணெயும் சுரக்கும். விக்கில் வரவே இல்லை, எல்லாம் செலவுதான். நாளைக்குப் பத்து முடி மட்டும் கழன்றாலும் வருடத்துக்கு 3,650 போய்விடும்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். விக்கில் உள்ள முடி 50 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் நுனி வேறொருவர் தலையில் நாலு வருடம் வெயில், மழை, சீப்பு எல்லாம் பார்த்துவிட்டு வந்தது. நாம் புதிது என்று வாங்குவதன் அடிப்பாதி வாங்கும்போதே பழசு.

சரி, எது முதலில் கெடுகிறது? முடியின் வெளித்தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆறு முதல் பத்து அடுக்கு வரை, எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். நீளமான ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். முடி தானாக ஒரு பக்கமாக நகரும், வேர் முனை முன்னே போகும். செதில்கள் ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் பிடித்துக்கொள்வதால் வரும் வேடிக்கை இது.

சிக்கின் ரகசியமும் இதற்குள்தான். எல்லா முடியும் ஒரே திசையில் இருந்தால் செதில்கள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போகும். சில முடிகள் தலைகீழாகக் கலந்துவிட்டால் செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அசைவிலும் முடிச்சு இறுகுமே தவிர தளராது. ஆட்டு ரோமத்தை நனைத்து அடித்துக் கம்பளி விரிப்பு ஆக்குகிறார்களே, அதே இயற்பியல்தான் விக்கின் பின்கழுத்துப் பகுதியில் நமக்கு விரோதமாக வேலை செய்கிறது.

அதனால் ஒரு விக்கின் ஆயுளில் பெரும்பகுதி அதன் முடி எப்படிச் சேகரிக்கப்பட்டது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. திருப்பதியிலும் பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் பக்தர்கள் இறக்கும் மொட்டை முடி ஏலத்துக்குப் போகிறது. நீளமான கூந்தலை முதலில் கட்டிவிட்டுப் பிறகு மழித்தால், வேர்கள் ஒரு பக்கமும் நுனிகள் ஒரு பக்கமுமாக அப்படியே கிடைக்கும். வியாபாரத்தில் இதை 'ரெமி' என்பார்கள். மற்றொரு வகை, தெருவில் கூவி வாங்கும் சிக்கு முடி. சீப்பில் வந்ததைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்து, பாத்திரத்துக்கோ பின்னூசிக்கோ கொடுப்போமே, அதுதான். கர்நாடகத்தில் கொப்பள் அருகே பாக்யநகர் போன்ற ஊர்களில் இதைப் பிரித்து, சிக்கெடுத்து, நீளவாரியாகக் கட்டும் தொழில் நடக்கிறது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முடியில் வேர் எது, நுனி எது என்று கண்ணுக்குத் தெரியாது.

திசை கலந்த முடியை விற்க ஒரு குறுக்கு வழி உண்டு. அமிலத்திலோ குளோரின் கரைசலிலோ முக்கிச் செதில்களையே கரைத்துவிடுவது. செதில் போனால் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் பளபளப்பும் போய்விடும், அதற்குச் சிலிகோன் பூச்சு. கடையில் தொட்டுப் பார்த்தால் அசல் கூந்தலைவிட வழுவழுப்பாகவே இருக்கும்! சில தலைக்குளியலுக்குப் பிறகு பூச்சு கரைந்து உள்ளே இருப்பது வெளியே வரும். கூரையை உரித்த வீட்டைப் போல, நீர் ஊறி உப்பி, முறுகி, உடையத் தொடங்கும். விக் வாங்கி இரண்டே மாதத்தில் வைக்கோலாகிவிட்டது என்று புலம்புபவர்கள் பலர் தங்கள் பராமரிப்பைத்தான் நொந்துகொள்கிறார்கள். பாவம், அவர்கள்மேல் பெரிய தப்பு இல்லை.

நல்ல முடியே என்றாலும் புழுவெட்டுக்காரர் தலையில் அது படும் பாடு அதிகம். முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேர்ப்பைகளைத் தாக்குவதால் வருவது. தொற்றாது. சிலருக்குக் காசு அளவு வழுக்கையோடு நின்றுவிடும், சிலருக்குத் தலை முழுவதும், புருவம், இமை வரை போகும். புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவருக்கு விக் சில மாதத் துணை. முழு வழுக்கை ஆனவருக்கு அது பல வருடத்து அன்றாட உடை, பஸ்ஸிலும் அலுவலகத்திலும் அடுப்படியிலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

இங்கே ஒரு வேடிக்கையான முரண். புழுவெட்டில் முடி போனாலும் தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சாதாரணத் தலையில் சுரக்கும் எண்ணெய் முடியின் வழியாகவே மேலேறி அதற்குக் கவசமாகும். விக்கின் முடி தோலிலிருந்து முளைக்கவில்லை, ஒரு வலையில் கட்டப்பட்டிருக்கிறது. எண்ணெயும் உப்பு வியர்வையும் அந்த வலையோடு நின்றுவிடும். எண்ணெய் வேண்டிய முடி காய்கிறது, எண்ணெய் வேண்டாத வலை ஊறுகிறது.

வலைதான் பலரும் மறக்கும் பாதி. நல்ல விக்குகளில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகவோ இரண்டு மூன்றாகவோ லேஸ் துணியில் முடிச்சுப் போடுகிறார்கள். ஒற்றை முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எளிதில் கழலும். இரட்டை முடிச்சு நிற்கும், கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். நம் கறுப்பு முடியில் முடிச்சுகள் வகிட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அவற்றை மட்டும் வெளுக்கச் செய்வதும் உண்டு. வெளுக்கும் ரசாயனம் கந்தகப் பாலங்களை அறுக்கிறது, அதுவும் முடி முழு பாரத்தையும் தாங்கும் இடத்தில். ஆறு மாதம் கழித்து வகிடு மட்டும் சொட்டையாவது பெரும்பாலும் இதனால்தான். இயல்பாகத் தெரிய வேண்டுமா, நீண்ட நாள் வர வேண்டுமா என்ற பேரம் இது. இரண்டும் முழுசாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

தலையில் ஒரு முடிகூட இல்லாதவருக்கு இன்னொரு சங்கடம், கிளிப் மாட்டப் பிடிமானமே கிடையாது. இருபக்கமும் ஒட்டும் டேப், சிலிகோன் பட்டை, வெல்வெட் பட்டை, தலையின் அச்செடுத்து உறிஞ்சிப் பிடிக்கும்படி செய்த தொப்பி என்று வழிகள் பல. டேப்பை உரிக்கும்போது லேஸ் கிழியும், பசையை எடுக்கும் திரவம் வலையைத் தளர்த்தும். இடையில் அங்கங்கே முடி முளைக்கத் தொடங்கினால் தொப்பியின் அளவே மாறிப்போகும். கடும் புழுவெட்டுக்கென்று பாரிசிட்டினிப் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு இப்படி முளைப்பவர்களும் இருக்கிறார்கள். விக் வைத்தால் காற்றுப் படாமல் முடி முளைக்காது என்பது கட்டுக்கதை. வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் ரத்தத்தில் வருகிறது. இருக்கும் கொஞ்ச முடியில் கிளிப்பை இறுக்கி இழுப்பதுதான் கெடுதல்.

தண்ணீரும் வெயிலும் பாக்கி. நனைந்த முடி தடிமனில் ஏறத்தாழ 15 சதவீதம் உப்பும், செதில்கள் எழும்பும், அந்த நேரத்தில் சீவினால் இழுபட்டு அறும். ஆகவே உலர்ந்த விக்கில் நுனியில் தொடங்கி மேலே ஏறிச் சிக்கெடுத்துவிட்டு, அப்புறம் நனைக்க வேண்டும். பிழியாமல், துண்டில் ஒற்றித் தாங்கியில் காயவிட வேண்டும். போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் செலவழித்தால் தப்பில்லை. பத்துப் பதினைந்து முறை அணிந்தபின் ஒரு முறை அலசினால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னை மே மாதத்துக்கு அது பொருந்தாது. புற ஊதாக் கதிர் மெலனினைச் சிதைப்பதால் கறுப்பு முடி மெல்லச் செம்பட்டை அடிக்கும். தலையில் வளரும் முடி என்றால் கீழே வெட்டி மேலே புதிதாக வளர்க்கலாம். விக்கில் செம்பட்டை நிரந்தரம், சாயம் போட்டால் இன்னும் வறளும்.

நம் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். அங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். வலைப் பக்கம் எண்ணெயோ கண்டிஷனரோ பட்டால் முடிச்சுகள் வழுக்கிக் கழலும், டேப்பும் ஒட்டாது. தூசியும் அப்பிக்கொள்ளும். இரண்டு சொட்டுச் சீரத்தை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் தடவலாம். சூட்டுக் கருவியை ஈர முடியில் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழ் விடும், அந்த இடத்தில் முடி ஒடியும்.

வசதி இருந்தால் இரண்டு விக்குகளை மாற்றி மாற்றி அணிவது நல்லது. வலை முழுசாகக் காய நேரம் கிடைக்கும். இல்லாதவர்கள் செய்யும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சிக்கு எப்போதும் பின்கழுத்தில், சட்டைக் காலரும் துப்பட்டாவும் பஸ் இருக்கையும் உரசும் இடத்தில்தான் தொடங்கும், மேலே உள்ள முடி நன்றாகவே இருக்கும். அதனால் இடுப்பளவு விக் வாங்கி, நுனி வறண்டதும் தோள்பட்டை வரை வெட்டிக்கொள்கிறார்கள். அது காலரில் உரசிச் சிக்கானதும் கழுத்துக்கு மேலே பாப் வெட்டு. உரசுவதற்கு எதுவும் மிச்சமில்லாததால் அந்தக் கடைசிக் காலத்தில்தான் விக் தொந்தரவே கொடுக்காமல் உழைக்கிறது, வகிட்டு முடிச்சுகள் கழன்று லேஸ் தெரியும் வரை.