மழை வந்தால் இறுகும் பீரோ கதவு

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் சென்னையில் தச்சர்களுக்குப் போன் மேல் போன் வரும். மர பீரோவின் கதவு சாத்த மாட்டேன் என்கிறது, வந்து கொஞ்சம் இழைத்துவிட்டுப் போங்கள் என்பார்கள். இழைத்தால் அப்போதைக்குச் சரியாகிவிடும். அடுத்த சித்திரையில் பார்த்தால் அதே கதவு ஓரத்தில் இடைவெளி இளித்துக்கொண்டு நிற்கும். மரத்தின் மேல் தப்பில்லை. காய்ந்த பிறகும் மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும். அந்த அசைவுக்கு எங்கே இடம் விடுவது என்பதுதான் அளந்து செய்யும் தேக்கு பீரோவின் மொத்த வித்தை.

மரத்தைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழாயும் ஒரு செல். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: குழாய்க்கு உள்ளே ஒன்று, குழாயின் சுவருக்குள்ளே இன்னொன்று. மரத்தை வெட்டிப் போட்டதும் முதலில் போவது குழாய்க்குள் நிற்கும் தண்ணீர். அது போனால் எடைதான் குறையும், அளவு குறையாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் சுவரில் இருக்கும் தண்ணீர் கழலத் தொடங்குகிறது. சுருக்கம் ஆரம்பிப்பதும் அங்கேதான். (இந்தச் சதவீதம் உலர்ந்த மரத்தின் எடையை வைத்துச் சொல்வது. அதனால் சில பச்சை மரங்களில் ஈரம் 100 சதவீதத்தையும் தாண்டும்.)

செல் சுவர் முழுக்கச் செல்லுலோஸ் நூல்கள். பெரும்பாலானவை மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் இந்த நூல்களுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தள்ளி வைக்கின்றன. நூல் நீளாது, இடைவெளிதான் அகலும். ஆகவே மரம் பக்கவாட்டில் பருக்கும், நீளத்தில் அநேகமாக அசையாது. ஆறடி உயரக் கதவின் உயரம் வருஷம் முழுவதும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. தொல்லையெல்லாம் அகலத்தில்.

அகலத்திலும் இரண்டு கணக்கு உண்டு. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். நடுவிலிருந்து பட்டை வரை குறுக்கே ஓடும் கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துவது இதற்கு ஒரு காரணம். பலகை ஏன் குழிகிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. காயும்போது வளையக் கோடுகள் நிமிரப் பார்க்கும், பட்டைப் பக்கம் உள்ளே குழியும். நல்ல தச்சர் பலகையைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார், முனையில் இருக்கும் கோட்டைத்தான் பார்ப்பார்.

இனி வீட்டுக்குள் வருவோம். காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் ஓர் ஈர அளவில் போய் நிற்கும். ஏசி ஓடும் அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தில் 9 சதவீதம் ஈரம். ஜன்னலைத் திறந்து போட்ட மழைக்காலத்து 80 சதவீதக் காற்றில் 16 சதவீதம். நடுவில் 7 சதவீத வித்தியாசம். 500 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே பலகையாகக் கதவு செய்திருந்தால், வளையத்தை ஒட்டி அறுத்த பலகை என்றால், இந்த 7 சதவீதத்துக்குள் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அசையும். மர அசைவில் தேக்கு சாதுவான ஜாதி. வெள்ளை ஓக் போன்றவை இன்னும் மோசம். சாதுவே 7 மில்லிமீட்டர்!

வாடிக்கையாளர்கள் கேட்பதோ இதைத்தான். "அண்ணே, கதவு முழுக்க ஒரே பலகையா இருக்கணும், ஒட்டே தெரியக் கூடாது." விவரம் தெரிந்த தச்சர் சொல்லும் பதில்: "போட்டுத் தரலாம்மா. ஆனா ஏசி ரூம்ல நிக்காது." அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அவர் செய்வது சட்டமும் பலகையும். பிரான்ஸில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செய்த ஆர்மோயர் என்ற பெரிய துணி பீரோக்களின் கதவுகளும் இதே ஏற்பாடுதான். நாலு பக்கமும் ஒடுக்கமான சட்டம், நடுவே பலகை. சட்டத்தின் உள்விளிம்பு நெடுகக் காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், எடுத்து, பலகையின் ஓரத்தை அதில் செருகிவிடுவார்கள். இதில் முக்கியமானது எதைச் செய்யவில்லை என்பது: காடியில் பசை வைப்பதில்லை.

நம் 500 மில்லிமீட்டர் கதவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 75 மில்லிமீட்டர் சட்டம். நடுவில் தெரியும் பலகை 350. காடி 10 மில்லிமீட்டர் ஆழம். பலகை ஒவ்வொரு பக்கமும் 7 மில்லிமீட்டர் உள்ளே நுழையும், 3 மில்லிமீட்டர் காலியாக இருக்கும். அந்தப் பலகை அதிகபட்சம் 5 மில்லிமீட்டர் அசையலாம், பக்கத்துக்கு இரண்டரை. காலி இடத்துக்குள்ளேயே பருத்து இளைத்து முடித்துக்கொள்ளும், வெளியே யாருக்கும் தெரியாது. கதவின் வெளி அகலத்தைத் தீர்மானிப்பது இரண்டு சட்டங்கள் மட்டும், அதாவது 150 மில்லிமீட்டர் மரம். அசைவு 2 மில்லிமீட்டராகிவிட்டது. சட்டத்துக்கு மட்டுமாவது வளையக் கோடு நெட்டுக்குத்தாக நிற்கும் கட்டையாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. அகலமான, ரேகை விழுந்த அழகுப் பலகையை நடுவில் போட்டு, சாதுவான கட்டையை வேலை வாங்கும் இடத்தில் வைப்பதுதான் சாமர்த்தியம்.

பலகை காடிக்குள் ஆடிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்க, மேலேயும் கீழேயும் நட்டநடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. அப்புறம் இன்னொரு நுணுக்கம்: பலகைக்குச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பாலிஷ் போட்டுவிட வேண்டும். பூட்டிய பிறகு போட்டால், கோடையில் பலகை இளைக்கும்போது ஓரத்தில் பாலிஷ் படாத வெளுத்த கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். பல லட்ச ரூபாய் பீரோக்களிலும் இந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

சட்டத்தின் மூலைகளில் ஒரு கட்டையில் நாக்கு, மறு கட்டையில் துளை. மரத்தின் வெட்டுமுனையில் பசை பிடிக்காது, குழாய் வாய்கள் அதை உறிஞ்சிவிடும். நாக்கின் பக்கவாட்டில்தான் நீளவாட்டு மரம் நீளவாட்டு மரத்தோடு முகம் பார்க்கிறது. தேக்கில் கூடுதல் தொல்லை, அதன் எண்ணெய்ப் பிசுக்கு. இழைத்துப் பல நாள் கிடந்த பரப்பில் பசை சரியாகப் பிடிக்காது. பூட்டுவதற்குச் சற்று முன் புதிதாகச் சீவிக்கொள்வது வழக்கம். குறுக்கே ஒரு மூங்கில் ஆணியும் அடித்துவிட்டால் பசையை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

அதே எண்ணெய்ப் பிசுக்குதான் கரையானை விரட்டுவதும். ஆனால் அது இருப்பது வைரம் பாய்ந்த நடுப்பகுதியில். வெளிவட்டத்து வெள்ளையில் இல்லை. இளம் மரத்தில் வெள்ளை அதிகம். கடையில் எல்லாமே "பர்மா தேக்கு"தான். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, வெள்ளை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து வாங்குவது மேல். ஈரமானி எளிய கருவி. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் நடுவே மின்தடையை அளக்கும். காய்ந்த மரம் மின்சாரத்தை விடாது, ஈரம் ஏற ஏற விடும். சென்னைக்கு 12 சதவீதம் என்று காட்டினால் தாராளமாக வாங்கலாம்.

தட்டுகள் வேறு கணக்கு. பட்டுப் புடவைகளை வரிசையாக அடுக்கினால் தட்டின் தொய்வு நீளத்தின் நாலாம் படிக்கு ஏறும். 60 சென்டிமீட்டர் தட்டை 90 ஆக்கினால் தொய்வு ஐந்து மடங்கு. கனத்தை 18 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆக்கினால் தொய்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும், அவ்வளவுதான். பாரம் வருஷக்கணக்கில் அப்படியே இருந்தால் மரம் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும். அதனால் நடுவில் ஒரு தடுப்புப் போடுங்கள் என்று தச்சர் சொன்னால் ஒத்துக்கொள்வது நல்லது.

பாலிஷ் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். ஒரு நாள் மழையில் கதவு இறுகாததற்கும் ஒரு மாத மழையில் இறுகுவதற்கும் அதுதான் காரணம். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டால், உள்பக்கம் வேகமாக ஈரம் குடித்துப் பருக்கும், கதவு வளையும். கூலி பேசும்போதே உள்பக்கத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கதவு மாட்டுவது சித்திரையில் என்றால் இரண்டு கதவுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் ஒன்றரை போதும்.