கிளர்ந்தெழுந்தவர்கள் காலனித்துவவாதிகளா?

போன வாரம் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் யாரோ தொகுத்த குறிப்பேடு ஒன்று. அமெரிக்கப் புரட்சி பற்றிய பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, காலனித்துவவாதின்னா நம்மள ஆண்ட வெள்ளைக்காரங்கதானே? அவங்களே எதுக்கு பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்க்கிறாங்க?”

வரி இதுதான்: ‘பிரிட்டிஷ் ஆட்சியின்மீது காலனித்துவவாதிகளுக்கு வளர்ந்துவந்த அதிருப்தியே புரட்சிக்கு வழிவகுத்தது.’

நியாயமான கேள்வி. தப்பு அவள்மேல் இல்லை, வரியில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. இந்தச் சொல்லை இதே இடத்தில் எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு வரலாறே தலைகீழாகத் தெரிகிறது என்று கேட்டபிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘கொலெரே’ என்றால் நிலத்தைப் பயிரிடுதல், ஓரிடத்தில் வாழ்தல். ‘கொலோனுஸ்’ உழவன், குடியேறியவன். அப்படிப்பட்டவர்களின் ஊர் ‘கொலோனியா’. ரோமானியர் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுத்து அமர்த்திய ஊர்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘காலனி’யும் அதில் வாழும் ‘காலனிஸ்ட்’டும் இந்த வழியில் வந்தவை.

உழவும் வாழ்வும் ஒரே வேரில் இருக்கின்றன, பாருங்கள். நம்முடைய ‘குடி’யும் அப்படியே. குடியிருப்பு, குடித்தனம், குடிக்கூலி எல்லாம் வாழ்வதைச் சொல்கின்றன. குடியானவன் உழுபவன். விளைச்சலில் உழுதவன் பங்கு குடிவாரம். அப்புறம் இன்னொரு பொருளும் உண்டு: அரசனுக்குக் கீழே வாழும் மக்கள். குறளில் மன்னவன் கோலை நோக்கி வாழ்வது குடிதான். இலத்தீன் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான உறவு நம் கையில் இருக்கும்போது, ‘காலனித்துவவாதி’ என்ற ஒட்டுச்சொல்லைத் தேடிப்போக என்ன அவசியம்?

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பிழை வெளியே வந்துவிடும். காலனி, அதோடு ‘துவம்’, அதோடு ‘வாதி’. காலனித்துவம் என்றால் பிறர் நாட்டைப் பிடித்து ஆளும் முறை. வாதி என்றால் ஒரு கொள்கைக்காக நிற்பவர். பகுத்தறிவுவாதி பகுத்தறிவை வலியுறுத்துகிறார், பிரிவினைவாதி பிரிவினை கேட்கிறார். அப்படியானால் காலனித்துவவாதி யார்? பிறர் நாட்டை ஆள்வது சரி என்று நிற்பவர். ஆங்கிலத்திலும் இவை இரண்டு சொற்கள். குடியேற்றத்தில் வாழ்பவர் ‘காலனிஸ்ட்’, ஆதிக்கக் கொள்கைக்காரர் ‘கலோனியலிஸ்ட்’. நடுவில் உள்ள இரண்டு மூன்று எழுத்தைக் கவனிக்காமல் விட்டதில், ஆளப்பட்டவர் ஆள்பவராக மாறிவிட்டார்.

இது அற்ப விஷயம் இல்லை. அமெரிக்கச் சண்டை ஏன் வந்தது என்பதே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் தொடங்கி, 1732இல் பட்டயம் பெற்ற ஜார்ஜியா வரை, அட்லாண்டிக் கரையோரம் பதின்மூன்று குடியேற்றங்கள். அங்கிருந்தவர்கள் வெகுகாலம் தங்களை பிரிட்டிஷ் மன்னரின் குடிகளாகவே நினைத்தார்கள். இங்கிலாந்தில் இருக்கும் குடிக்கு என்ன உரிமையோ அது கடல் தாண்டி வந்த குடிக்கும் உண்டு என்பதுதான் அவர்கள் வழக்கு. பிரான்சோடு நடந்த போர் 1763இல் முடிந்தபோது லண்டன் கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அங்கேயே வசூலிக்கலாம் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்து, 1765இல் முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. செய்தித்தாள், பத்திரம், உரிமம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. எங்கள் ஆள் ஒருவரும் உட்காராத மன்றம் எங்கள் மடியில் எப்படிக் கை வைக்கலாம் என்று கேட்டார்கள். ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினார்கள். மறு ஆண்டு சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே கையோடு நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது: எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று. காலனித்துவவாதி என்ற சொல்லை அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பாஸ்டன் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1773 டிசம்பர் 16 இரவு, தேயிலை வரியை எதிர்த்த குடியேற்ற மக்கள் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அதே கம்பெனிதான் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையை வைத்திருந்தது, அதே கம்பெனிதான் வங்காளத்தில் வரி வசூலித்தது. தமிழ் வாசகனுக்குக் காலனித்துவவாதி என்றதும் மனத்தில் வருவது அந்தக் கம்பெனிக்காரன்தான். தேயிலைக்குச் சொந்தக்காரனும் காலனித்துவவாதி, அதைக் கொட்டியவனும் காலனித்துவவாதி என்றால், படிப்பவன் எந்தப் பக்கம் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

இந்தத் திருத்தத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் மறுப்புச் சொன்னார். அந்த அமெரிக்கர்களும் செவ்விந்தியர் நிலத்தைப் பிடுங்கியவர்கள்தானே, அவர்களைக் காலனித்துவவாதி என்றால் என்ன குற்றம் என்றார். வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க மாட்டேன். அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் மன்னர் அறிவித்ததே அவர்களுடைய கோபத்துக்கு ஒரு காரணம். பிறர் நிலத்தில் இன்னும் உள்ளே போக விடவில்லையே என்ற கோபம் அது. அதைப் பற்றி எழுதும்போது ஆக்கிரமிப்பாளர் என்றே எழுதுங்கள், நான் கை வைக்க மாட்டேன். ஆனால் நாடாளுமன்றத்துக்கும் அவர்களுக்கும் நடந்த வழக்கில் அவர்கள் எதிர்த்தரப்பு. அதோடு, குடியேற்றம் என்பது ஒன்றும் அறியாத சாதுவான சொல் என்று யார் சொன்னது? ஈழத் தமிழரிடம் கேளுங்கள். இலங்கை அரசு கிழக்கில் சிங்களரைக் கொண்டுவந்து அமர்த்திய கல்லோயா, அல்லை-கந்தளாய்க் குடியேற்றத் திட்டங்கள் என்றால் அவர்களுக்கு அது வெறும் வீடு மாறுவது இல்லை. யாருடைய மண்ணில், யார் துணையோடு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, காலனித்துவவாதியை விட்டுவிட்டு ‘காலனியர்’ என்று வைத்தால்? ‘வாதி’ போய்விட்டது, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் காலனி என்ற சொல் வேறொரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. நகரத்தில் அது வீட்டுவசதிக் குடியிருப்பு. கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் தெருவுக்கு வைத்த பெயர் அது. அரசு ஆவணங்களிலிருந்து இந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025இல் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்ததும் அதனால்தான். இந்தச் சுமையோடு ‘காலனியர்’ என்று அமெரிக்கரைச் சொன்னால் படிப்பவருக்கு எது தோன்றும் என்று யோசிக்க வேண்டாமா? போதாததற்கு ‘காலணி ஆதிக்கம்’ என்று செருப்பின் ஆதிக்கமாகவே அச்சேறுவதும் நிற்கவில்லை.

‘குடியேறியவர்கள்’ என்பதையும் சிலர் எழுதுகிறார்கள். முதல் தலைமுறைக்கு அது சரி. 1732இல் வர்ஜீனியாவிலேயே பிறந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு? அவருடைய கொள்ளுத்தாத்தா குடியேறியவர். வாஷிங்டன் எங்கிருந்தும் ஏறி வரவில்லை.

அதனால் நான் எழுதுவது ‘குடியேற்றத்தார்’. ஊரார், நாட்டார், சீமையார் போல: குடியேற்றத்தைச் சேர்ந்தவர். அங்கே வந்து இறங்கியவரையும் அங்கேயே பிறந்தவரையும் அது ஒருங்கே அடக்கும். நீளம் என்று பட்டால் குடியேற்ற மக்கள் என்றும் எழுதலாம். இடத்துக்குக் குடியேற்றம் அல்லது குடியேற்ற நாடு. ஆனால் இந்தியாவைக் குடியேற்ற நாடு என்று எழுதாதீர்கள். இங்கே வெள்ளைக்காரர் குடும்பம் குடும்பமாக வந்து நிலம் உழுது வாழவில்லை, ஆண்டுவிட்டுப் போனார்கள். அதற்குக் காலனி ஆதிக்கம், அடிமை நாடு என்ற சொற்களே போதும். ஆங்கிலம் ‘காலனி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிய இரண்டு நிலைமைகளைத் தமிழால் தனித்தனியாகக் காட்ட முடிகிறது. அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

என் சொல்லை அந்த மக்களின் வாயாலேயே உறுதிசெய்யலாம். 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்தில் ஓர் இடம் உண்டு. பிரிட்டனில் இருக்கும் சகோதரர்களுக்கு நாங்கள் குடிபெயர்ந்து இங்கே குடியேறிய சூழ்நிலையை நினைவூட்டினோம், அவர்கள் செவிசாய்க்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். குடிபெயர்வு, குடியேற்றம் இரண்டும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு, வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை வாசிப்பதில்லை. என் மனக்குறை அதுதான். ஆங்கிலத்தில் ‘ஸ்டாம்ப்’ என்று இருப்பதால், 1765இன் முத்திரைச் சட்டத்தைத் ‘தபால்தலைச் சட்டம்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். உலகின் முதல் தபால்தலை வந்ததே 1840இல். பத்திரப்பதிவுக்குப் போகும் எவருக்கும் முத்திரைத்தாள் தெரியும், அந்தச் சொல் பக்கத்திலேயே இருந்தது. மன்னர் பக்கம் நின்றவர்களை ‘விசுவாசிகள்’ என்கிறார்கள். தமிழில் விசுவாசி என்றால் பலருக்கும் தேவாலயத்துக்குப் போகிறவர்தான் நினைவுக்கு வருவார். அரசப் பற்றாளர் என்றால் குழப்பமே இல்லை. அழைத்த மாத்திரத்தில் துப்பாக்கியோடு திரளும் ஊர்ப்படையினரை, ஆங்கிலத்தின் ‘மினிட்மென்’களை, ‘நிமிட மனிதர்கள்’ ஆக்கியிருந்தார் ஒருவர். போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 காலை கான்கார்ட் பாலத்தில் உயிரைக் கொடுக்க நின்றவர்கள் அவர்கள்.

இவ்வளவையும் அக்கா மகளிடம் சொல்லவில்லை. தேயிலைக் கதையை மட்டும் சொன்னேன், யார் எந்தப் பக்கம் என்று உடனே பிடித்துக்கொண்டாள். “குடியேற்றத்தார்னு எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?” என்று கேட்டாள். விடைத்தாள் திருத்துகிறவர் கையில் என்ன குறிப்பு இருக்குமோ, என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அவள் பென்சிலை எடுத்துக் குறிப்பேட்டில் அந்த வார்த்தையை அடித்து மேலே ‘குடியேற்றத்தார்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடித்ததை அழிப்பானால் பாதி அழித்து, பழைய சொல்லும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.