பச்சை விளக்கு எரிந்தால் ரிலே வேலை செய்யுமா?

"ஹெல்தி விளக்கு எரியுது சார், ரிலே நல்லாத்தான் இருக்கு." பேனல் முன் நின்று இதைச் சொன்னவர்கள் பலர். மின்பாதையில் பழுது வந்தால் அதைக் கண்டுபிடித்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவிதான் ரிலே; அதன் முகப்பில் எரியும் பச்சை விளக்குதான் ஹெல்தி விளக்கு. அந்த விளக்கு எதற்குப் பொறுப்பேற்கிறது என்று தெரிந்தால் இவ்வளவு நம்ப மாட்டோம்.

ஃபீடரில், அதாவது மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் பாதையில், ஓடும் மின்னோட்டத்தை சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 1 அல்லது 5 ஆம்பியர் அளவுக்குக் குறைத்துத் தருகிறது. ரிலே அதை வடிகட்டி எண்களாக மாற்றுகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. சுற்றுக்கு 20 முறை அளந்தால், மில்லி விநாடிக்கு ஓர் எண். அந்த எண்களிலிருந்து ஃபூரியர் கணக்கின் மூலம் 50 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்யும்போது, அதாவது மின்சாரத்தோடு இணைக்கும்போது, பாயும் மின்னோட்டத்தைப் பழுது என்று டிஃபரன்ஷியல் ரிலே (உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒப்பிடும் ரிலே) ஏமாறாமல் இருப்பதும் இதே வகைக் கணக்கால்தான்: அந்த மின்னோட்டத்தில் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது 100 ஹெர்ட்ஸ் பகுதி, அதிகம் இருக்கும்; அதையும் இந்தக் கணக்கு தனியே பிரித்துக் காட்டும். பழைய ரிலேயில் தட்டு சுழன்று காட்டிய நேரத்தை இப்போது சூத்திரம் தருகிறது.

முடிவெடுத்ததும் ரிலேயின் கான்டாக்ட் மூடும், பேட்டரி மின்சாரம் பிரேக்கரை இழுத்துத் திறக்கும் டிரிப் காயிலுக்குப் போகும், பிரேக்கர் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்; இதுதான் டிரிப். பேட்டரி செத்திருந்தாலோ, காயில் எரிந்திருந்தாலோ எவ்வளவு துல்லியமான கணக்கும் வீண். டிரிப் சர்க்யூட்டைக் கண்காணிக்கும் வசதியை இணைத்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ரிலே தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது: நினைவகம், உள் சப்ளை, அளக்கும் பகுதி. கோளாறு வந்தால், அதை வெளியே தெரிவிப்பதற்கான வாட்ச்டாக் கான்டாக்ட் நிலை மாறும். அதை அலாரத்தோடு இணைக்காமலே விட்ட பேனல்களைப் பார்த்திருக்கிறேன். சரி, இணைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தனக்கு வெளியே இருப்பது ரிலேக்குத் தெரியாது.

ஓர் இடத்தில் 200/1 சிடியை (200 ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைப்பது) எடுத்துவிட்டு 400/1 போட்டார்கள். ரிலே செட்டிங்கில் விகிதம் 200 ஆகவே கிடந்தது. 200 ஆம்பியர் பிக்கப் (ரிலே வேலையைத் தொடங்கும் அளவு), மின்னோட்டம் கூடக்கூட நேரம் குறையும் ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைவு, அந்த நேரத்தைப் பெருக்கும் நேரப் பெருக்கி 0.1. பழுதில் 600 ஆம்பியர் ஓடியது. பிக்கப்பின் மூன்று மடங்குக்கு 0.63 விநாடியில் டிரிப் ஆகியிருக்க வேண்டும். ரிலேயின் கண்ணில் பட்டதோ 300. ஒன்றரை மடங்குக்கு அது 1.7 விநாடி காத்திருக்கும். அதற்குள் எல்லா ஃபீடர்களுக்கும் மின்சாரம் கொண்டுவரும் இன்கமர் டிரிப் ஆகி, பழுதே இல்லாத ஃபீடர்களும் சேர்ந்து இருண்டன. பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ரிலேயில் பதிவாகியிருந்த அலைவடிவம். இன்கமர் பதிவோடு ஒப்பிட்டால் ஃபீடரில் பாதிகூட இல்லை. டிரிப் ஆன உடனே பிரேக்கரை மறுபடி போட்டுப் பார்க்கும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. முதலில் பதிவை இறக்குங்கள்; நினைவகம் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். அப்புறம், சிடி மாற்றிய அன்றே ரிலே திரையில் தெரியும் லோடையும் தனி மீட்டர் காட்டும் லோடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே யாராவது அதைச் செய்திருந்தால், முதல் நாளே பாதி எண் கண்ணில் பட்டிருக்கும்.