பெட்டியில் பொரித்த வெங்கிணாந்திக் குஞ்சுகளும் அனுமதிப் பத்திரமும்

சில காலத்துக்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் நான் நடத்திவரும் மிருக வைத்திய நிலையத்துக்கு இளைஞர் ஒருவர் மூடியில் துளையிட்ட றெஜிபோம் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளமுள்ள மூன்று வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) குஞ்சுகள் சுருண்டு கிடந்தன. வன்னியில் உறவினரின் காணியைத் துப்புரவாக்கியபோது புற்றடியில் கண்ட இருபதுக்கு மேற்பட்ட முட்டைகளை வாளியில் அள்ளி வந்து ஈரமணலில் வைத்ததாகவும், மூன்று மட்டுமே பொரித்ததாகவும், அவையும் ஒரு வாரமாக எதையும் தின்னவில்லை என்றும் சொன்னார். வளர்த்து, இணைசேர்த்து, குஞ்சுகளை விற்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. அனுமதி பெற்றீரா என்று கேட்டேன். "டொக்டர், நான் காட்டில போய் ஒண்டையும் பிடிக்கேல்லை, இதுகள் என்ரை வீட்டில பொரிச்சதுகள்" என்றார்.

தின்னாததற்குக் காரணம் எளிது. முதற் செட்டை கழற்றும் வரை இக்குஞ்சுகள் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. அவற்றின் கண்களும் அதற்கு முன்னறிகுறியாக மங்கியிருந்தன. மற்ற முட்டைகள் அழிந்த காரணம்தான் வருத்தத்துக்குரியது. கோழிமுட்டையைப் போலப் பாம்பு முட்டையைப் புரட்டிவிட முடியாது. இட்ட சிறிது நேரத்திலேயே கரு உள்ளோட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதால், பின்னர் முட்டை தலைகீழானால் கரு மடிந்துபோகலாம். வாளியில் அள்ளிய கணத்திலேயே பெரும்பாலானவற்றின் கதை முடிந்திருக்கும். காட்டிலோ தாய்ப்பாம்பு ஏறத்தாழ இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்து, குளிர் கூடும்போது தன் தசைகளை நடுங்கச் செய்து அவற்றுக்குச் சூடேற்றும். பாம்பினங்களில் இது அரிய பண்பு.

அந்த இளைஞரின் வாதத்தைப் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். கூட்டில் பிறந்த உயிர் காட்டுயிர் அல்ல என்பது அவர்களின் நினைப்பு. ஆனால், அனுமதி பற்றிய கேள்வி குஞ்சிடம் அல்ல, தாய் தந்தையிடமே தொடங்குகிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் மேலும் இறுக்கப்பட்டது. அதன்கீழ் வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட இனம். அதைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதுவும் ஆய்வு போன்ற தக்க நோக்கம் இருந்தால்தான் பரிசீலிக்கப்படும். வீட்டில் வளர்க்கும் ஆசை அத்தகைய நோக்கம் ஆகாது.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் சாசனமும் குறுக்கே வரும். 1979இல் இலங்கை அதில் இணைந்தது. நம்முடைய வெங்கிணாந்தி அதன் மிகக் கடுமையான முதலாம் பின்னிணைப்பில் உள்ளது. அச்சாசன நடைமுறையில் 'கூட்டில் இனப்பெருக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு நாம் நினைப்பதைவிடக் குறுகிய பொருளே உண்டு: பெற்றோர் சட்டப்படி பெறப்பட்டிருக்க வேண்டும், கட்டுப்பாட்டிலுள்ள சூழலில் இணைசேர்ந்திருக்க வேண்டும், அந்த வளர்ப்புக் கூட்டம் இரண்டாம் தலைமுறையை ஈனக்கூடியது என்றும் காட்ட வேண்டும். வயலில் பிடித்த புடையன் மறுநாள் போத்தலுக்குள் குட்டி போட்டாலும், அள்ளிவந்த முட்டை மணலில் பொரித்தாலும் இந்த வரையறைக்குள் அடங்கா. முதலாம் பின்னிணைப்பு இனமொன்றை வணிக நோக்கில் பெருக்கி ஏற்றுமதி செய்யும் பண்ணை, சாசனத்தின் செயலகத்திலும் பதிவாக வேண்டும். இவற்றைவிடக் கடுமையான உள்நாட்டுச் சட்டத்தை ஒரு நாடு வைத்திருப்பதையும் அச்சாசனம் தடுக்கவில்லை.

முகநூலில் விற்பனைக்கு வரும் ஆபிரிக்கப் பந்து மலைப்பாம்பை வாங்கலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். அது சைட்டீஸின் சற்றுத் தளர்வான இரண்டாம் பின்னிணைப்பைச் சேர்ந்தது. ஏற்றுமதி நாட்டின் சைட்டீஸ் பத்திரம், இங்குள்ள வனசீவராசிகள் அனுமதி, 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழான இறக்குமதி அனுமதி ஆகிய மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். பதில் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும்.

பாம்புகளைக் கூட்டில் வைப்பதே தவறென்று நான் சொல்லவில்லை. நாம் பயன்படுத்தும் விசமுறி மருந்து பெரும்பாலும் இந்தியப் பாம்புகளின் விசத்திலிருந்து தயாராகிறது. ஒரே இனத்தின் விசமும் இடத்துக்கிடம் வேறுபடுவதால், உள்ளூர்ப் பாம்புகளை முறையான அனுமதியுடன் பேணி ஆராய்வதற்குத் தேவை இருக்கவே செய்கிறது. நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் நம் ஊரில் அதற்கு ஆதரவும் கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த இளைஞர் சற்றுத் தயங்கினாலும், என் முன்னிலையிலேயே திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தார். குஞ்சுகள் மாலையில் ஒப்படைக்கப்பட்டன. உங்கள் காணியில் இத்தகைய முட்டைகளைக் கண்டால், தாய்ப்பாம்பு அருகில் இருக்கக்கூடும் என்பதால் உடனே விலகி, வேலையை நிறுத்தி, 1992 என்ற திணைக்களத் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். இயந்திரம் ஏற்கெனவே மண்ணைக் கிளறியிருந்தாலும் முட்டைகளை எடுக்கவோ புரட்டவோ வேண்டாம். வெயில் படாமல் ஓலையொன்றை அவற்றின்மேல் சாய்த்து வைத்தால் உத்தியோகத்தர் வரும்வரை போதும்.