வெட்டினாலும் குறையாத ஒலிக்கோப்பு

மதுரை வட்டாரத்துத் திருவிழாக்களில் முழங்கும் நையாண்டி மேளத்தை, நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியலையை அளந்தெடுத்த எண்கள்), மாதிரிக்கு 24 பிட் என்ற கணக்கில் எட்டு மைக்குகள் வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தால், கோப்புகளின் மொத்த அளவு 4 ஜிபியைத் தாண்டிவிடும். இத்தனை பெரிய பதிவில், நாகசுரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றும் இடைவெளியை எடிட்டர் நொடிப்பொழுதில் நீக்கிவிடுகிறார்; வேண்டுமென்றால் மறுநாள் திரையில் தெரியும் ஒலித்துண்டின் ஓரத்தை இழுத்து அதே ஒலியை மீட்டும் விடுகிறார். இசை மென்பொருள் பொதுவாக மூல ஒலிக்கோப்பைத் தொடுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் இது விளங்கும். அதில் ஒலியே இருக்காது. எந்தக் கோப்பை, அதன் எத்தனையாவது நொடியிலிருந்து, எவ்வளவு நேரம், டிராக்கின் (ஒரு மைக்கின் ஒலிக்கான தனி வரிசை) எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே வரிவரியாக இருக்கும்.

வெட்டும் இடத்தில்தான் கவனம் தேவை. அலை உச்சத்தில் இருக்கும்போது வெட்டினால், அடுத்த துண்டுக்குத் தாவுகையில் ‘டிக்’ என்று கேட்கும். இரண்டு துண்டுகளையும் 5 மில்லி நொடி, அதாவது 240 மாதிரிகள் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இழைய விட்டால் அது மறையும். ஆனால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு (விரலுறை) மாட்டிய விரல் விழும் அந்தக் கணத்திலேயே இழைத்தால் அடியின் கூர்மை மழுங்கிவிடும். ஆகவே அடிக்குச் சற்று முன்பே வெட்டுவது நல்லது. தவிலின் அடி நாகசுரத்தின் மைக்கிலும் விழுந்திருக்குமாதலால், ஒரு டிராக்கை மட்டும் சிறிது நகர்த்தினாலும் இரு பதிவுகளின் அலைகளும் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொண்டு தவில் உள்ளீடற்று ஒலிக்கும். எட்டு டிராக்குகளையும் ஒரே குழுவாகச் சேர்த்து வெட்டுவதே சரியான முறை.

ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வேறொரு ஸ்டுடியோவுக்குச் சென்றால், அங்கே வெற்றுக் கட்டங்களே திறக்கும். சேமிக்கும்போதே எல்லா ஒலிக்கோப்புகளையும் ப்ராஜெக்ட் கோப்புறைக்குள் நகலெடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, அந்தக் கோப்புறையை முழுமையாகக் கொண்டு செல்ல வேண்டும். அங்குள்ளது வேறு மென்பொருள் என்றால் இதுவும் உதவாது: ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து ஒரே வேவ் கோப்பாக, முன்னுள்ள மௌனத்தையும் சேர்த்து எழுதித் தர வேண்டும்; அப்போது எல்லாவற்றையும் பூஜ்ஜிய நொடியில் வைத்தாலே எட்டும் தத்தம் இடத்தில் பொருந்திவிடும்.